கோழி ஆலைக்கு வந்த மாயா மக்கள்: வட கரோலினாவின் மோர்கன்டன் நகரில் ஒரு குவாத்தமாலா சமூகம்

அமெரிக்காவில் குடியேறிய குவாத்தமாலா மக்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. எண்ணிக்கையைப் பார்த்தால் அதில் நியாயமும் உண்டு. ஆனால் ஒரு குடியேற்றச் சமூகம் எப்படி உருவாகிறது, யாருடைய தேவைக்காக உருவாகிறது, பிறகு அந்தத் தேவையை மீறி எப்படித் தனக்கென்று ஒரு வாழ்வை அமைத்துக்கொள்கிறது என்பதை அறிய விரும்புவோருக்குப் பெருநகரத்தைவிடச் சிறு நகரமே தெளிவாகப் பேசும். இந்த ஆய்வு எடுத்துக்கொள்வது வட கரோலினா மாநிலத்தின் மேற்குப் பகுதியில், புளூ ரிட்ஜ் மலையடிவாரத்தில், ஏறத்தாழ 17,000 பேர் வாழும் மோர்கன்டன் நகரத்தை. பர்க் கவுண்டியின் (மாவட்டத்தின்) தலைநகரான இவ்வூர், மரச்சாமான் தொழிற்சாலைகளுக்கும் நெசவாலைகளுக்கும் அரசு மனநல மருத்துவமனைக்கும் பெயர் பெற்றது. வாட்டர்கேட் விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கிய செனட்டர் சாம் எர்வினின் சொந்த ஊர். 1980களின் இறுதிவரை இங்கே ஸ்பானிய மொழி கேட்பதே அரிது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் ஸ்பானியத்தோடு, அதிலிருந்து முற்றிலும் வேறான, மத்திய அமெரிக்கப் பழங்குடிகளின் மாயா மொழிகளும் இந்நகரத் தெருக்களில் கேட்கத் தொடங்கின. அதற்குக் காரணம் ஒரு கோழி பதப்படுத்தும் ஆலை.

அந்த ஆலை இம்மக்களை எந்தக் காரணங்களுக்காக விரும்பி அழைத்து வந்ததோ, அந்தக் காரணங்களே பின்னாளில் ஆலைக்கு எதிரான ஒற்றுமையாக மாறின என்பதே இந்த நிகழ்வில் நான் முதன்மையாகக் காண்பது. இவர்களின் பங்களிப்பை வெறும் உழைப்பு நேரமாகவோ ஊருக்கு அனுப்பிய டாலராகவோ மட்டும் கணக்கிடுவோர் இந்த மாற்றத்தைத் தவறவிடுகிறார்கள்.

புறப்பட்ட மலைகள்

மோர்கன்டனுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் குவாத்தமாலாவின் வடமேற்கில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய வேவேதெனாங்கோ மாநிலத்தைச் சேர்ந்தவர்கள். அதிலும் இரண்டு ஊர்ப்பகுதிகள் முக்கியமானவை. ஒன்று, கன்ஹோபால் மொழி பேசும் சான் மிகேல் அகத்தான் வட்டாரம். மற்றொன்று, பூண்டு விளைச்சலுக்கும் பெண்கள் தலையில் சுற்றிக்கட்டும் வண்ண நாடாக்களுக்கும் பெயர் போன அகுவாகத்தான். இந்த இரண்டாவது ஊருக்குள்ளேயே அவகதேகோ, சால்சிதேகோ என்று தங்களைத் தனித்தனியாகக் கருதும் இரு பிரிவினர் அருகருகே வாழ்கின்றனர். சால்சிதேகோவைத் தனி மொழியாகக் குவாத்தமாலா நாடாளுமன்றம் 2003-இல்தான் ஏற்றது. ஆகவே 'குவாத்தமாலாக்காரர்' என்ற ஒற்றை அடையாளம் இவர்களுக்கு அமெரிக்கா அளித்தது. சொந்த நாட்டில் இவர்கள் முதலில் ஓர் ஊரின் மக்கள், பிறகு ஒரு மொழியின் மக்கள்.

நிலமற்றவர்களும் துண்டு நிலம் வைத்திருந்தவர்களுமான மலைநாட்டு மாயா மக்கள் ஆண்டுதோறும் பசிபிக் கடலோரக் காப்பி, கரும்பு, பருத்தித் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்கு இறங்கிச் செல்வது பல தலைமுறைகளாக நீடித்த வழக்கம். அதாவது, உழைப்புக்காக ஊர் விட்டுப் போவது இவர்களுக்குப் புதிதன்று. நிலச் சீர்திருத்தம் கொண்டுவந்த ஹாகோபோ ஆர்பென்ஸின் அரசு 1954-இல் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் துணையோடு கவிழ்க்கப்பட்டது. 1960-இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் 1996 டிசம்பர் 29 அன்று கையெழுத்தான அமைதி ஒப்பந்தம்வரை, முப்பத்தாறு ஆண்டுகள் நீண்டது. அதன் மிகக் கொடிய கட்டம் 1981 முதல் 1983 வரை. 1982 மார்ச்சில் ஆட்சியைக் கைப்பற்றிய ஜெனரல் எஃப்ராயின் ரியோஸ் மோன்ட்டின் காலத்தில், கெரில்லாக்களுக்கு ஆதரவளிக்கக்கூடும் என்று கருதப்பட்ட மலைக் கிராமங்களை ராணுவம் எரித்துத் தரைமட்டமாக்கியது. சான் மிகேல் அகத்தானைச் சேர்ந்த கோயா என்ற சிற்றூரில் அதற்கு முன்பே, 1981 ஜூலையில், படுகொலை நடந்திருந்தது. ஐக்கிய நாடுகள் அவையின் ஆதரவுடன் இயங்கிய உண்மை அறியும் ஆணையம் 1999-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, கொல்லப்பட்டோரும் காணாமலாக்கப்பட்டோரும் 2 லட்சத்துக்கும் மேல். அடையாளம் உறுதிசெய்யப்பட்ட பாதிப்புற்றோரில் 83 சதவீதத்தினர் மாயா மக்கள். 93 சதவீத மீறல்களுக்கு அரசுப் படைகளும் அவற்றின் துணைக் குழுக்களுமே பொறுப்பு. வீடு இழந்து சிதறியோரின் எண்ணிக்கை 5 லட்சத்திலிருந்து 15 லட்சம்வரை இருக்கலாம் என்று அவ்வாணையம் மதிப்பிட்டது.

எல்லை தாண்டிய பலர் மெக்சிகோவின் சியாபாஸ் முகாம்களில் தங்கினர். சிலர் அங்கே நிற்காமல் இன்னும் வடக்கே சென்றனர்.

இண்டியன்டவுன் என்ற இடைநிலை

மோர்கன்டனின் கதை உண்மையில் ஃபுளோரிடாவில், ஓகிச்சோபி ஏரிக்குக் கிழக்கே, ஆரஞ்சுத் தோப்புகளும் காய்கறிப் பண்ணைகளும் சூழ்ந்த இண்டியன்டவுன் என்ற சிற்றூரில் தொடங்குகிறது. 1982-83 காலத்தில் கன்ஹோபால் குடும்பங்கள் அறுவடைக் கூலிகளாக இங்கே வந்து சேர்ந்தன. குடியேற்றத் துறை சிலரைக் கைது செய்தபோது, அவர்களுக்காக வாதாட முன்வந்த சட்ட உதவி வழக்கறிஞர்கள் முதலில் சந்தித்த சிக்கல் மொழி: கைதானவர்களில் பலருக்கு ஸ்பானியமே சரளமாக வராது. ஜகால்தேக் மாயா ஆசிரியரும் தாமே அகதியுமான ஹெரோனிமோ கம்போசேகோ போன்றோர் மொழிபெயர்ப்பாளராகவும் அமைப்பாளராகவும் இயங்கியதால்தான் அந்த வழக்குகள் நகர்ந்தன. கார்ன்-மாயா என்ற அகதிகள் அமைப்பு இந்தச் சூழலில் உருவானது. கத்தோலிக்கப் பங்கு ஆலயம் தங்குமிடத்துக்கும் உணவுக்கும் வழிகாட்டியதோடு, செப்டம்பர் 29 அன்று வரும் புனித மிகேல் திருவிழாவை மரிம்பா இசையோடு அயல்மண்ணில் மீண்டும் கொண்டாடவும் இடம் தந்தது. சான் மிகேல் அகத்தானின் ஊர்த்திருவிழா ஃபுளோரிடாவின் நாட்காட்டியில் இப்படித்தான் ஏறியது.

புகலிட விண்ணப்பங்களோ பெரும்பாலும் தள்ளுபடியாயின. குவாத்தமாலா அரசு அமெரிக்காவின் நேச அரசு என்பதால், அதனிடமிருந்து தப்பி வந்தவர்களை அகதிகளாக ஏற்பது வாஷிங்டனுக்கு அரசியல் சங்கடம். 1980களின் நடுவில் குவாத்தமாலாக்காரர்களின் விண்ணப்பங்களில் நூற்றுக்கு மூன்றுகூடத் தேறவில்லை. இருப்பினும், விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை வேலை செய்யும் அனுமதி கிடைத்தது. இந்த இடைநிலையே, அதாவது திரும்பிப் போகவும் முடியாமல் உறுதியாகத் தங்கவும் முடியாமல் வேலை மட்டும் செய்யலாம் என்ற நிலையே, அடுத்து நடந்தவற்றுக்கெல்லாம் அடிப்படை.

வேனில் வந்த முதல் குழு

1980களில் அமெரிக்கர்களின் கோழியிறைச்சி நுகர்வு வேகமாக உயர்ந்தது. எலும்பு நீக்கிய துண்டுகளுக்கும் நக்கெட்டுகளுக்கும் தேவை பெருகியது. அதுவரை முழுக்கோழியாகக் கடைக்குப் போனது இப்போது ஆலையிலேயே துண்டாக வேண்டியிருந்தது. துண்டாக்கக் கைகள் வேண்டியிருந்தன. 1986-இல் ஒஹாயோவில் தொடங்கப்பட்ட கேஸ் ஃபார்ம்ஸ் நிறுவனம் மோர்கன்டனில் இருந்த ஆலையையும் வாங்கியது. ஆனால் பர்க் கவுண்டியில் மரச்சாமான் தொழிற்சாலைகள் இதைவிட நல்ல சம்பளம் தந்தன. உள்ளூர்க்காரர்கள் கோழி ஆலையில் சேர்ந்த வேகத்திலேயே விலகினர்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதைச் சற்று அருகிலிருந்து பார்க்க வேண்டும். உயிருள்ள கோழிகள் மிரளாமல் இருப்பதற்காக மங்கலான ஒளியில் வைக்கப்பட்ட கூடத்தில், தொழிலாளர்கள் அவற்றைக் கால்களைப் பிடித்துத் தூக்கி, தலைக்கு மேலே நகரும் சங்கிலியின் கொக்கிகளில் தலைகீழாக மாட்டுவார்கள். இறகும் தூசியும் கழிவும் முகத்தில் தெறிக்கும். அடுத்த கட்டங்கள் குளிரூட்டப்பட்ட கூடத்தில் நடக்கும்: தோளோடு தோள் ஒட்டி நிற்கும் வரிசை, ஈரத்தரை, கூர்மையான கத்தி, ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வெட்டு. அந்த ஒரே வெட்டை ஒரு ஷிஃப்டுக்குள் ஆயிரக்கணக்கான முறை போட வேண்டும். வரிசையின் வேகத்தைத் தீர்மானிப்பவர் மேற்பார்வையாளர். கழிப்பறைக்குப் போகவும் அவரிடமே அனுமதி கேட்க வேண்டும். மேற்கு வட கரோலினாவின் கோழி ஆலைகளில் பணிபுரியும் லத்தீனோ தொழிலாளர்களிடம் மணிக்கட்டு நரம்பு அழுத்த நோய் பிற உடலுழைப்பாளர்களைவிட அதிகமாகக் காணப்படுவதை வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்னாளில் பதிவு செய்தனர்.

1989-இல் ஆலையின் மனிதவள மேலாளர் ஒரு பெரிய வேனை எடுத்துக்கொண்டு தெற்கே புறப்பட்டார். ஃபுளோரிடாவில் குவாத்தமாலா அகதிகளுக்கு ஒரு கத்தோலிக்க ஆலயம் உதவுவதாக அவர் கேள்விப்பட்டிருந்தார். இண்டியன்டவுனிலிருந்து ஒரு சிறு குழுவை அழைத்து வந்தார். அவர்களுடைய உழைப்பு பிடித்துப்போக, மறுபடியும் சென்றார். மெக்சிகோ தொழிலாளர்களை விட்டுவிட்டு இவர்களை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று பின்னர் வரலாற்றாய்வாளரிடம் அவர் ஒளிவுமறைவின்றிச் சொன்ன காரணம் இதுதான்: மெக்சிகோக்காரர்கள் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போய்விடுவார்கள், பல வாரங்கள் ஆள் இருக்காது, குவாத்தமாலாக்காரர்கள் போக மாட்டார்கள், போனால் சுட்டுக்கொல்லப்படுவார்கள். ஓர் இனப்படுகொலை, இங்கே ஓர் ஆலையின் வருகைப்பதிவேட்டுக்கு உத்தரவாதமாக மாறியதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

வேன் பயணங்கள் விரைவில் தேவையற்றுப் போயின. வேலை இருக்கிறது என்ற செய்தி உறவு வழியாகவும் ஊர் வழியாகவும் தானே பரவியது. அண்ணன் வந்தபின் தம்பி, தம்பிக்குப்பின் மைத்துனன், பிறகு பக்கத்துத் தோட்டத்துக்காரர் என்று அகுவாகத்தானிலிருந்து நேரடியாகவே மக்கள் வரத் தொடங்கினர். நிறுவனத்துக்கு ஆள்சேர்ப்புச் செலவு மிச்சமானது. அதே சமயம், வரிசையில் அருகருகே நின்ற இருவர் இப்போது ஒரே பாட்டியின் பேரன்களாகவோ ஒரே ஊர்ச்சபையின் உறுப்பினர்களாகவோ இருந்தனர்; மேற்பார்வையாளருக்கு விளங்காத மொழியில் அவர்கள் பேசிக்கொண்டனர். இதன் விளைவை நிர்வாகம் முன்கூட்டி எண்ணிப்பார்த்ததாகத் தெரியவில்லை.

வேலைநிறுத்தங்கள்

1993-இல் சுமார் நூறு தொழிலாளர்கள் வேலை செய்ய மறுத்தனர். குறைந்த கூலி, கழிப்பறைக்கு விடாமை, கவசத்துணிக்கும் கையுறைக்கும் சம்பளத்தில் பிடித்தம் ஆகியவையே குறைகள். நிறுவனம் அத்துமீறி நுழைந்ததாகப் புகார் அளித்து 52 பேரைக் கைது செய்ய வைத்தது. தாங்கள் அன்றாடம் வேலை செய்யும் இடத்திலேயே அத்துமீறியவர்களாக அவர்கள் ஆனார்கள்.

1995 மே மாதத்தில் 200-க்கும் மேற்பட்டோர் வெளிநடப்புச் செய்து நான்கு நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அமெரிக்காவிலேயே தொழிற்சங்க உறுப்பினர் விகிதம் மிகக் குறைந்த மாநிலங்களில் ஒன்றான வட கரோலினாவில், எந்தச் சங்கமும் அமைப்பாளரும் உள்ளே வராதபோதே இது நடந்தது. அமெரிக்கத் தொழிற்சங்கங்கள் வழக்கமாகப் பல மாதங்கள் செலவிட்டுக் கட்ட வேண்டிய நம்பிக்கை இங்கே ஊர்க்கட்டாக ஏற்கெனவே இருந்தது. தவிர, வந்தவர்களில் அனைவரும் அரசியல் அறியாதவர்கள் அல்லர். வேவேதெனாங்கோவில் 1943 முதல் பணியாற்றிய, மேரிநோல் என்ற அமெரிக்கக் கத்தோலிக்க அமைப்பின் மறைப்பணியாளர்கள் வளர்த்த கத்தோலிக்க இயக்கமும் கூட்டுறவுச் சங்கங்களும் மறைக்கல்வி ஆசிரியர்கள், கணக்கர்கள், கூட்டம் நடத்தத் தெரிந்தவர்கள் என ஒரு தலைமுறையை உருவாக்கியிருந்தன. ராணுவம் தேடித்தேடிக் கொன்றதும் இத்தகையோரைத்தான். தப்பியவர்களில் சிலர் கோழி ஆலை வரிசையில் வந்து நின்றனர்.

வட அமெரிக்கத் தொழிலாளர் பன்னாட்டுச் சங்கம், அதாவது லியூனா, வேலைநிறுத்தத்துக்குப் பிறகே முறையாக உள்ளே வந்தது. 1995 ஜூலையில் நடந்த வாக்கெடுப்பில் 238-க்கு 183 என்ற கணக்கில் சங்கம் வென்றது. மூன்று வாரங்களுக்குள், வேலை அனுமதி காலாவதியானவர்களும் காலாவதியாக இருந்தவர்களுமான நூற்றுக்கும் மேற்பட்டோரிடம் நிறுவனம் ஆவணங்களைக் கேட்டது. இண்டியன்டவுனில் அவர்களைக் கவர்ச்சியான தொழிலாளர்களாக ஆக்கிய அதே உறுதியற்ற சட்ட நிலை, இப்போது அவர்களை மடக்கும் கருவியாகப் பயன்பட்டது.

வாக்கெடுப்பு முடிவை எதிர்த்து நிறுவனம் மேல்முறையீட்டில் இறங்கியது. சங்கத்தின் பிரசாரம் இன உணர்வைத் தூண்டியதாகவும், ஆகவே முடிவு செல்லாது என்றும் அது வாதிட்டது. கூட்டரசின் நான்காம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 1997-இல் அதை ஏற்க மறுத்தது; உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ளவில்லை. இந்த வாதம் கவனிக்கத்தக்கது. ஆள் எடுக்கும்போது மூலதனமாகக் கருதப்பட்ட இன அடையாளம், அவர்கள் வாக்களித்தபோது மட்டும் முறைகேடாகத் தோன்றியது.

நீதிமன்றத்தில் வென்றும் ஒப்பந்தம் கிடைக்கவில்லை. சட்டம் நிறுவனத்தைப் பேச்சுவார்த்தைக்கு அழைத்து வரலாம். கையெழுத்திட வைக்க அதற்கு அதிகாரமில்லை. வேலை வாரம் நான்கு நாட்களாகக் குறைக்கப்பட்டு வருமானம் சுருங்கியது. வாக்களித்தவர்களில் பலர் இதற்குள் வேறு ஊர்களுக்கும் வேறு தொழில்களுக்கும் போய்விட்டனர். புதிதாக வந்தவர்களுக்கு 1995 ஒரு கேள்விப்பட்ட கதை. ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, 2001-இல், சங்கம் பின்வாங்கியது. முறையான கணக்கில் இது தோல்வியே; அதை வேறு பெயரிட்டு அழைப்பதில் பயனில்லை. ஆனால் ஆங்கிலமும் அரைகுறை, ஸ்பானியமும் இரண்டாம் மொழி என்றிருந்த புதுக்குடியேறிகள், தெற்கு மாநிலம் ஒன்றில் ஒரு கோழி நிறுவனத்தை உச்ச நீதிமன்றத்தின் வாசல்வரை இழுத்துச் சென்றது அமெரிக்கத் தொழிலாளர் வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. புதுக்குடியேறிகளைச் சங்கத்தில் சேர்க்க முடியாது என்று அதுவரை கருதிய சங்கங்கள் அந்தக் கருத்தை மறுபரிசீலனை செய்ய இது போன்ற நிகழ்வுகளே காரணமாயின.

ஆலையின் நிலைமையோ அடிப்படையில் மாறிவிடவில்லை. 2015-இல் மட்டும் இந்நிறுவனத்தின் ஒஹாயோ ஆலைகளில் கண்டறியப்பட்ட பாதுகாப்பு மீறல்களுக்காகக் கூட்டரசின் தொழிலிடப் பாதுகாப்பு முகமை ஏறத்தாழ 20 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. அங்கும் குவாத்தமாலா மாயா தொழிலாளர்கள் கணிசமாக இருந்தனர்.

காகிதத்தில் பிரிந்த சமூகம்

குடியேற்றச் சட்டங்கள் ஒரே ஊர்க்காரர்களை எப்படி வெவ்வேறு வகுப்பினராக்கின என்பதைச் சொல்லாமல் இந்த ஆய்வு முழுமையாகாது. 1986-ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டம், குறிப்பிட்ட காலத்தில் 90 நாட்கள் பண்ணை வேலை செய்தவர்களுக்குச் சட்டபூர்வத் தகுதி தந்தது; ஃபுளோரிடாத் தோப்புகளில் உழைத்த சிலருக்கு இது கைகொடுத்தது. தேவாலய அமைப்புகள் தொடுத்த வழக்கில் 1991-இல் ஏற்பட்ட சமரசம், 1990 அக்டோபர் 1-க்குள் வந்திருந்த குவாத்தமாலாக்காரர்களுக்குப் புகலிட விண்ணப்பத்தை நியாயமாக மறுவிசாரணை செய்யும் உரிமையை அளித்தது. 1997-இல் வந்த மற்றொரு சட்டம் அவர்களில் பலருக்கு நிரந்தர வசிப்புரிமைக்கான வழியைத் திறந்தது. ஆகவே 1990 செப்டம்பரில் வந்த அண்ணன் இன்று அமெரிக்கக் குடிமகனாக இருக்கலாம்; நவம்பரில் வந்த தம்பி அதே வரிசையில், அதே கத்தியோடு, ஆவணமின்றி நிற்கலாம். இருவரையும் துரத்தியது ஒரே போர்தான்.

ஊர் கட்டிய ஊர்

ஆலைக்கு வெளியே இச்சமூகம் தன் வாழ்வை அமைத்துக்கொண்ட விதம் அமைதியானது. புனித சார்லஸ் பொரோமியோ கத்தோலிக்க ஆலயத்தில் ஸ்பானியத் திருப்பலிக்குக் கூட்டம் நிரம்பியது. சுவிசேஷ சபைகளும் தனியே வளர்ந்தன. இவற்றைவிட உறுதியானது சாவு நேரத்து ஏற்பாடு. யாராவது இறந்தால் உடலைச் சொந்த ஊருக்கு அனுப்பியாக வேண்டும். முன்னோர்கள் புதைந்த மண்ணிலேயே அவரும் புதைய வேண்டும் என்பது மாயா மக்களின் ஆழ்ந்த கடமையுணர்வு. அதற்கான செலவை ஒரு குடும்பத்தால் தாங்க முடியாது. ஆகவே வீடு வீடாகவும் ஆலயத்திலும் வசூல் நடக்கும். எந்த ஊர், எந்தப் பிரிவு என்ற கணக்கு அப்போது தளரும். வேலைநிறுத்தக் காலத்தில் வீட்டு வாடகைக்கும் உணவுக்கும் பணம் திரட்டிய பழக்கமும் இந்தச் சாவு வசூலும் ஒரே மரபின் இரு கிளைகள் என்றே நான் கருதுகிறேன்.

பணம் எதிர்த்திசையிலும் போனது. அகுவாகத்தானில் மண்வீடுகள் இருந்த இடத்தில் கான்கிரீட் மாடிகள் எழுந்தன. நாடு முழுவதற்குமான கணக்கில், 2023-இல் குவாத்தமாலாவுக்கு வந்த வெளிநாட்டுப் பணம் 1,980 கோடி டாலர். அந்நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. தம் மலை மக்களைக் கொன்று விரட்டிய ஒரு நாட்டை இன்று தாங்கி நிற்பவர்களில் அந்த மலைகளிலிருந்து தப்பியவர்களும் இருக்கிறார்கள்.

பர்க் கவுண்டிக்கு இத்தகைய வருகை முதல் முறையும் அன்று. மோர்கன்டனுக்குக் கிழக்கே சில மைல் தொலைவில் உள்ள வால்டீஸ் நகரத்தை நிறுவியவர்கள் 1893-இல் இத்தாலிய ஆல்ப்ஸ் மலைகளிலிருந்து வறுமை தாங்காமல் வந்த வால்டென்சியர்கள் என்ற புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவினர். அவர்களும் ஒரு சிறு மொழியோடும், முன்னோர்கள் அனுபவித்த படுகொலைகளின் நினைவோடும் வந்த மலைவாசிகளே. காலுறை ஆலைகளும் ரொட்டித் தொழிலும் அவர்கள் கட்டியவை. இன்று கவுண்டி அவர்களைப் பெருமையோடு தன் முன்னோர்களாகக் கொண்டாடுகிறது. அந்தக் கொண்டாட்டத்துக்கு எத்தனை தலைமுறை ஆனது என்பதை மாயா மக்களைப் பற்றி அவசரத் தீர்ப்பு எழுதுவோர் எண்ணிப்பார்க்கலாம்.

தையல் கூட்டுறவு

1990களின் இறுதியிலிருந்து நெசவும் மரச்சாமானும் வெளிநாடுகளுக்குப் போகத் தொடங்கியதும் பர்க் கவுண்டி ஆயிரக்கணக்கான வேலைகளை இழந்தது. பொருளாதாரம் சரிந்திருந்த 2008-09 காலத்தில், உள்ளூரைச் சேர்ந்த மோலி ஹெம்ஸ்ட்ரீட்டும் சில மாயா தொழிலாளர்களும் சேர்ந்து ஆப்பர்சூனிட்டி த்ரெட்ஸ் என்ற தையல் நிறுவனத்தைத் தொழிலாளர் உடைமைக் கூட்டுறவாகத் தொடங்கினர். குறிப்பிட்ட காலம் பணியாற்றிய தொழிலாளி பங்கு வாங்கி உரிமையாளராகலாம், இலாபம் பகிரப்படும், நிர்வாக முடிவுகளில் வாக்கு உண்டு. பழைய டி-ஷர்ட்டுகளை வெட்டி இணைத்துப் போர்வைகளாக்கும் வேலை இதன் முக்கிய வருமானங்களில் ஒன்றானது. அகுவாகத்தான் பெண்களின் இடுப்புத்தறிக்கும் இந்தத் தையல் இயந்திரங்களுக்கும் நேர்க்கோடு போட்டுக் காட்டும் ஆர்வம் சிலருக்கு உண்டு. அது சுற்றுலாக் கையேட்டுக்கு அழகாக இருக்கும். உண்மையான தொடர்பு வேறிடத்தில் இருக்கிறது: கூடிப் பேசி முடிவெடுத்துப் பழகியவர்கள், ஒரே மேசையில் அமர்ந்து சம்பளத்தையும் இலாபத்தையும் பற்றித் தீர்மானிக்கக் கூச்சப்படவில்லை.

இந்தக் கூட்டுறவு பிற சிறு நெசவு நிறுவனங்களோடு சேர்ந்து 2013-இல் கரோலினா டெக்ஸ்டைல் டிஸ்ட்ரிக்ட் என்ற வலையமைப்பு உருவாகக் காரணமாயிற்று. 2015-இல் தொழிலாளர் உடைமை நிறுவனங்களை வளர்க்கும் இன்டஸ்ட்ரியல் காமன்ஸ் அமைப்பு மோர்கன்டனில் தோன்றியது. 2020-இல் கொரோனா பரவி முகக்கவசமும் மருத்துவ அங்கியும் கிடைக்காமல் நாடு தவித்தபோது, இவ்வலையமைப்பின் ஆலைகள் உற்பத்தியை அவற்றுக்குத் திருப்பின. செத்துக்கொண்டிருந்த ஓர் உள்ளூர்த் தொழிலுக்கு மறுவாழ்வு தந்ததில் மாயா தொழிலாளர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. கோழி ஆலைக்கு அழைத்து வரப்பட்டபோது அவர்களிடம் யாரும் எதிர்பார்த்திராத பங்களிப்பு இது.

இதன் அளவையும் மிகைப்படுத்தக் கூடாது. கூட்டுறவில் வேலை செய்வோர் சில பத்துப் பேர். கோழி ஆலையில் நிற்போர் நூற்றுக்கணக்கானோர். 1995-இல் வெளிநடப்புச் செய்தவர்களின் பிள்ளைகள் மோர்கன்டன் பள்ளிகளில் ஆங்கிலத்தில் படித்து வளர்ந்தவர்கள். பெரும்பாலோர் அந்த ஆலைக்குப் போவதில்லை. அவர்கள் விட்ட இடத்தை, 1995-ஐயே அறியாதவர்களும் 1991 சமரசத்தின் பயன் எட்டாதவர்களுமான புதியவர்கள் நிரப்புகிறார்கள். 238 பேர் வாக்களித்துக் கேட்ட ஒப்பந்தம் அவர்களுக்குக் கிடைக்கவே இல்லை.